இரண்டடி இடுக்கு

கூடைமலை அடிவாரத்தில் உமையாள் அம்மையின் குடில் இருந்தது. அம்மைக்கு நாற்பத்தெட்டு வயது. அவரிடம் சீடராக வந்து சேர்ந்த சௌரிராஜனுக்கு ஐம்பத்தொன்பது. வயதில் மூத்தவர் என்பதால் அம்மை அவரை ஐயா என்பார். குரு என்பதால் அவர் அம்மையை அம்மா என்பார். இதில் இருவருக்கும் ஒரு சங்கடமும் இருந்ததில்லை.

சௌரிராஜன் முப்பத்தோரு வருடம் நில அளவை அலுவலகத்தில் வரைபடம் வரைந்தவர். மற்றவர்கள் வெயிலில் அலைந்து அளந்து கொண்டுவந்த எண்களை மேசை முன்னால் உட்கார்ந்து கோடுகளாக மாற்றுவது அவர் வேலை. எத்தனையோ மலைகளை வரைந்திருக்கிறார். ஒன்றில்கூட ஏறியதில்லை.

அந்த வருடம் மார்கழி பிறந்ததும் அம்மை அவரைக் கூப்பிட்டார். தை மாதத்தில் குடிலின் அன்பர்கள் இருபது பேர் வரப்போகிறார்கள், மலையில் ஒரு நாள் நடக்க ஆசைப்படுகிறார்கள், போன வழியே திரும்பாமல் மலையை ஒரு சுற்றுச் சுற்றி வருகிற மாதிரி ஒரு வழி யோசித்துச் சொல்லுங்கள் என்றார்.

அன்றிலிருந்து சௌரிராஜனுக்குக் கால் தரையில் பாவவில்லை.

மூன்று வாரத்தில் பதினொரு தடவை மலையேறி இறங்கினார். சோற்றுப் பந்தியில் உட்கார்ந்தால் குழம்பை விரலால் தொட்டு இலையிலேயே வழியை வரைந்து காட்டினார். கிழக்குப் பக்கம் பாறையில் வெட்டிய படி வழியாக ஏற வேண்டும். மேலே போனால் ஒரு மேடை. அங்கேதான் குள்ளர் வீடுகள். பலகை போன்ற கற்களை மூன்று பக்கம் நிறுத்தி, ஒரு பக்கம் வாசல் விட்டு, மேலே ஒரே பெரிய கல்லை மூடியாகப் போட்ட பழங்காலச் சமாதிகள். எந்தக் காலத்தவை என்று யாருக்கும் தெரியாது. குள்ளர்கள் கட்டிக் குடியிருந்தார்கள் என்று ஊரில் சொல்வார்கள். அங்கிருந்து இரண்டு பாறைகளுக்கு நடுவே ஓர் இடுக்கில் நுழைந்தால் மலையின் மேற்குப் பக்கம். அங்கே உருளாப்பாறை. ஒரு யானை பருமன் இருக்கும், உள்ளங்கை அளவு இடத்தில் உட்கார்ந்திருக்கும், இப்போதோ அப்போதோ உருண்டுவிடும் போலிருக்கும். அங்கிருந்து சரிவில் இறங்கிச் செங்குட்டைக்கு வந்து, குட்டைக்கரை வழியாகக் குடிலுக்குத் திரும்பிவிடலாம். மொத்தம் ஏழு கிலோமீட்டர். ஐந்து மணி நேரம்.

கேட்கிறவர்களுக்குச் சில நாளில் அலுத்துவிட்டது. சொல்கிறவருக்கு அலுக்கவில்லை. மலை முழுக்கச் சாம்பல் நிறக் கல், ஆனால் குள்ளர் வீட்டு மூடிக்கற்கள் மட்டும் ரோஜா நிறம், அந்த ரோஜா நிறக் கல் கீழே செங்குட்டையில்தான் கிடைக்கிறது என்று கண்டுபிடித்த அன்று அவருக்குச் சாப்பாடே இறங்கவில்லை.

அன்பர்களுக்கு அனுப்ப ஓர் அறிவிப்புத் தாள் தயாரித்தார். தூரம், நேரம், தண்ணீர் கிடைக்கும் இடம் எல்லாம் எழுதியாயிற்று. ஒரே ஓர் இடம் காலியாக இருந்தது. தாளை எடுத்துக்கொண்டு அம்மையிடம் போனார்.

“வழி எப்படின்னு போடணும்மா. சுலபம்னு போடவா, நடுத்தரம்னு போடவா, கடினம்னு போடவா?”

“உங்களுக்கு என்ன தோணுது?”

“நடுத்தரம்னுதான் தோணுது.”

“அப்புறம் ஏன் கேக்கறீங்க?”

சௌரிராஜன் சட்டைப் பையிலிருந்து ஓர் அஞ்சலட்டையை எடுத்து நீட்டினார். அவர் தங்கை கோதைநாயகி எழுதியது. இரண்டே வரி. ‘அண்ணா, தை மாதம் எல்லாரையும் மலைக்கு அழைத்துப் போகிறாயாமே. நானும் வரட்டுமா?’

கோதைநாயகிக்கு மூன்று வயதில் போலியோ வந்தது. இப்போது ஐம்பத்து மூன்று. தஞ்சாவூரில் ஒரு பெண்கள் பள்ளியில் கணக்கு டீச்சர். வலது காலில் தொடையிலிருந்து பாதம் வரை இரும்பும் தோலுமாகக் காலிப்பர். நடக்கும்போது அந்த முழங்கால் மடங்காது. மலைக்கோயில், மாடியில் கல்யாணம், ஆற்றங்கரை, எதுவானாலும் வீட்டில் முதலில் வாய் திறப்பது சௌரிராஜன்தான். கோதையால் முடியாது என்பார். பிரியத்தோடுதான் சொல்வார். ஐம்பது வருடமாக அப்படிச் சொல்லிப் பழகியவருக்கு இந்த அட்டைக்கு வா என்று எழுதவும் கை வரவில்லை, வராதே என்று எழுதவும் மனம் வரவில்லை. அறிவிப்பில் கடினம் என்று அச்சாகிவிட்டால் அவளாகவே புரிந்துகொள்வாள் என்று நினைத்ததையும் மறைக்காமல் சொன்னார். சொல்லும்போது தலை குனிந்திருந்தது.

அம்மை அட்டையைத் திருப்பிக் கொடுத்தார்.

மறுநாள் காலை, பனி விலகுவதற்குள் அம்மை இரண்டு மூங்கில் பட்டைகளும் பழைய வேட்டித் துணியும் கொண்டுவந்தார். குடிலுக்கு வருமுன் பத்தொன்பது வருடம் ஆஸ்பத்திரியில் எலும்பு முறிவுப் பிரிவில் நர்ஸாக இருந்தவர் அவர். சௌரிராஜனைக் கல்லில் உட்காரவைத்து, வலது காலுக்கு இரண்டு பக்கமும் பட்டையை வைத்து, தொடையிலிருந்து குதிகால் வரை இறுக்கிக் கட்டினார். கால் கம்பு மாதிரி நீட்டிக்கொண்டது.

“நடந்துட்டு வாங்க. அப்புறம் எழுதலாம்.”

“இப்படியேவா?”

“இப்படியேதான்.”

கையில் ஒரு தடியைக் கொடுத்தார். தண்ணீர்ப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு தானும் பின்னால் வந்தார்.

கிழக்குப் பக்கப் படிகள் நூற்றுப் பன்னிரண்டு. பதினொரு தடவையும் எண்ணிக்கொண்டே கடகடவென்று ஏறியவர் சௌரிராஜன். இப்போது இடது காலைத் தூக்கி வைத்து, தடியை ஊன்றி, வலது காலைப் பக்கவாட்டில் வீசி இழுத்து, ஒரு படிக்கு இரண்டு மூச்சு ஆயிற்று. இருபதாவது படியில் நெற்றி வியர்த்தது. முப்பதாவது படியில் தடுமாறிப் பக்கத்துப் பாறையைப் பிடித்தார். பிடித்த இடத்தில் கை பதிந்தது.

பாறையில் ஒரு குழி. இடுப்பு உயரத்தில், நாலு விரலும் நுழைகிற அளவில், யாரோ உளியால் செதுக்கிய குழி. ஏழு படி மேலே இன்னொன்று. அதற்கு மேலே இன்னொன்று.

“அம்மா, இங்க கைப்பிடி செதுக்கியிருக்கு.”

“ஆமா.”

“இத்தனை நாள் நான் பாக்கவேயில்லை.”

“ஆமா.”

அதற்குப் பிறகு அவர் படிகளை எண்ணவில்லை. குழிகளைத் தேடிக்கொண்டு ஏறினார். வலியையும் மீறி உள்ளே ஒரு குறுகுறுப்பு ஏறிக்கொண்டிருந்தது.

மேடைக்கு வந்து சேர்ந்தபோது வெயில் வந்துவிட்டது. இடது கால் வெடவெடவென்று நடுங்கியது. குள்ளர் வீடுகளில் பெரியதன் வாசலில் உட்காரப் பார்த்தார். மடங்காத காலோடு தரையில் உட்காரும் வித்தை அவருக்குத் தெரியவில்லை. சாய்ந்து, சரிந்து, பொத்தென்று மல்லாந்து விழுந்தார். உடம்பு பாதி உள்ளே, கால் வெளியே. அடி ஒன்றும் பலமில்லை. எழுந்திருக்கத் தெம்பு இல்லாமல் அப்படியே படுத்துக் கிடந்தார்.

கண் இருட்டுக்குப் பழகியதும் மேலே பார்த்தார்.

மூடிக்கல்லின் அடிப்பக்கம் முழுக்க மனிதர்கள் இருந்தார்கள். வெள்ளை நிறத்தில், விரலால் தீட்டியது போல, ஒரு சாண் உயர மனிதர்கள். கையோடு கை கோர்த்து ஒரு வரிசை. அதற்குக் கீழே குதிரை மேல் ஒருவன். மூலையில் வட்டமாக ஏதோ, சூரியனோ கேடயமோ. பதினொரு தடவையும் இந்த வாசலில் நின்று கொண்டு, கல்லின் நீள அகலத்தை அளந்து குறித்துவிட்டுப் போனவர் சௌரிராஜன். குனிந்துகூட உள்ளே பார்த்திருக்கிறார். மல்லாந்து படுத்ததில்லை.

“அம்மா, நீங்களும் படுத்துப் பாருங்க.”

அம்மை தண்ணீர்ப் பையை வைத்துவிட்டு அவர் பக்கத்தில் நுழைந்து படுத்தார். இருவரும் மேலே பார்த்துக்கொண்டு கிடந்தார்கள். சௌரிராஜன் வரிசையில் எத்தனை பேர் என்று இரண்டு தடவை எண்ணினார். ஒரு தடவை பதினாலு வந்தது, ஒரு தடவை பதினைந்து வந்தது. கோதை வந்தால் சரியாக எண்ணிவிடுவாள் என்று வாய்விட்டுச் சொன்னார். சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவருக்கே உறைத்தது.

எழுந்து நடந்தபோது அவருக்குக் களைப்பே தெரியவில்லை. அவசர அவசரமாக இடுக்கை நோக்கிப் போனார். அங்கேதான் மாட்டிக்கொண்டார்.

இடுக்கின் வாயில் ஒரு கல் குறுக்கே கிடந்தது, இடுப்பு உயரப் படி போல. அதன் மேலே ஏறிவிட்டால் மறுபக்கம் வரை சமதரைதான். கால் மடங்குகிறவர்களுக்கு அது ஒரு பொருட்டில்லை. முழங்காலை மேலே வைத்து எம்பினால் ஆயிற்று. சௌரிராஜன் இடது காலைத் தூக்கிப் பார்த்தார். வலது கால் கீழே ஊன்றி நிற்க மறுத்தது. கட்டிய காலை முதலில் வீசிப் பார்த்தார். இடுக்குக்குள் அது திரும்ப இடமில்லை. வயிற்றால் தவழ்ந்து பார்த்தார். ஆறு தடவை முயன்று, ஆறு தடவையும் வழுக்கி, உள்ளங்கை சிராய்த்து இரத்தம் கசிந்தது.

கடைசியில் பாறையில் சாய்ந்து நின்றார். இவ்வளவு நேரம் இருந்த உற்சாகம் வடிந்துபோயிற்று.

“முடியாதும்மா. அவளால இதைத் தாண்ட முடியாது. கடினம்னே போட்டுடறேன்.”

அம்மை அவர் உள்ளங்கையைத் தண்ணீரால் கழுவினார்.

“இந்த இடுக்கு எவ்வளவு அகலம், ஐயா?”

“ரெண்டடி.”

“நாம படுத்துப் பாத்தோமே, அந்தக் கல்லு?”

“ஒன்பதடிக்கு ஏழடி.”

“எங்கேருந்து வந்ததுன்னு சொன்னீங்க?”

“கீழ, செங்குட்டையிலேருந்து...”

சொல்லிக்கொண்டிருந்தவர் நிறுத்தினார். இடுக்கைப் பார்த்தார். திரும்பிக் குள்ளர் வீட்டைப் பார்த்தார். ரோஜா நிறக் கல் வெயிலில் மின்னியது. செங்குட்டை இருப்பது மேற்கே. ஒன்பதடிக் கல் இந்த இரண்டடி இடுக்கு வழியாக வந்திருக்காது. கிழக்குப் படியில் ஏற்றியிருக்கவும் முடியாது. தெற்கே செங்குத்துப் பாறை.

தடியை எடுத்துக்கொண்டு வேகமாக நொண்டிக்கொண்டே வடக்குப் பக்கம் போனார். மேடையின் அந்த ஓரம் முழுவதும் உன்னிச்செடி ஆளுயரத்துக்கு மண்டிக் கிடந்தது. அங்கே பாறை முடிந்து பள்ளம் என்றுதான் வரைபடத்தில் போட்டிருந்தார். தடியைப் புதருக்குள் விட்டுக் குத்தினார். டக் என்று கல்லில் பட்டது. நாலடி தள்ளிக் குத்தினார். அங்கேயும் கல். இன்னும் தள்ளி, இன்னும் தள்ளி, முள் சட்டையைக் கிழிக்கக் கிழிக்கக் குத்திக்கொண்டே போனார். கடைசியில் ஒரு பக்கத்துப் புதரைக் கைகளால் விலக்கி எட்டிப் பார்த்தவர், குழந்தை மாதிரி அழத் தொடங்கினார்.

பன்னிரண்டு அடி அகலத்துக்கு ஒரு சாய்தளம். சிறு கற்களைக் கெட்டித்து, இரண்டு ஓரமும் பெரிய கல் அடுக்கி, உருளாப்பாறைக்குப் பின்பக்கமாக வளைந்து மெதுவாக இறங்கியது. ஒரு படிகூட இல்லை. கல்லை இழுத்து வந்தவர்கள் போட்ட வழி. அத்தனை பேர் சேர்ந்து, அத்தனை கனத்தை வைத்து இழுக்க வேண்டுமென்றால் எவ்வளவு சரிவு தாங்கும் என்று கணக்குப் போட்டுக் கட்டியிருந்தார்கள். முப்பத்தோரு வருடம் சரிவுகளை வரைந்தவருக்கு அதைப் பார்த்ததுமே புரிந்தது.

புதர் மெலிந்த ஓரமாகப் புகுந்து, அந்த வழியிலேயே இருவரும் இறங்கினார்கள். செங்குட்டைக்கு வந்து சேர்ந்தபோது வெயில் சாய ஆரம்பித்திருந்தது. சட்டை கந்தலாகி, முகமெல்லாம் கீறலோடு சௌரிராஜன் வழி நெடுகப் பேசிக்கொண்டே வந்தார். எங்கே புதரை வெட்ட வேண்டும், எங்கே உட்காரக் கல் இருக்கிறது, படுத்துப் பார்ப்பதற்கு ஒரு பாய் கொண்டுவர வேண்டும் என்று ஓயவில்லை.

குடிலில் அம்மை கட்டை அவிழ்த்தார். மூங்கில் அழுத்திய இடமெல்லாம் தோல் சிவந்திருந்தது.

“இன்னிக்கே கோதைக்கு எழுதிடறேம்மா. வழி சுலபமா இருக்கு, தைரியமா வரலாம்னு.”

“அவங்க வழியைப் பத்தி எங்க கேட்டாங்க?”

சௌரிராஜன் அஞ்சலட்டையை எடுத்து மறுபடி படித்தார். பிறகு புது அட்டை ஒன்றில் ‘வா’ என்று மட்டும் எழுதித் தேதியைப் போட்டார். அறிவிப்புத் தாளில் காலியாக இருந்த இடத்தில் சுலபம் என்றும் எழுதவில்லை, கடினம் என்றும் எழுதவில்லை. எத்தனை படி, எங்கெங்கே கைக்குழி, எங்கே நிழல், எங்கே ஏற முடியாதவர்களுக்கு வேறு வழி என்று பொடி எழுத்தில் பதினேழு வரி எழுதினார்.

சாய்தளத்தைத் துப்புரவாக்க ஒன்பது நாள் பிடித்தது. ஊர்க்காரர்கள் நாலு பேர் கொடுவாளோடு வந்து உதவினார்கள். இத்தனை வருடமாக ஆடு மேய்க்கும் நமக்கே தெரியாதே என்று அவர்களுக்கு ஆச்சரியம்.

தை மாதம் அன்பர்கள் வந்தார்கள். கோதைநாயகி முதல் நாள் சாயங்காலமே பஸ்ஸில் வந்து இறங்கினாள். காலிப்பரின் தோல் வாரைப் புதிதாக மாற்றியிருந்தாள். மலையை அண்ணாந்து பார்த்துவிட்டு, அண்ணனைப் பார்த்து ஒரு சிரிப்புச் சிரித்தாள்.

விடிந்ததும் புறப்பட்டார்கள். சௌரிராஜன் தங்கையின் பக்கத்திலேயே நடந்தார். ஒவ்வொரு கைக்குழியையும் அவள் நெருங்கும் முன்பே காட்டினார். மெதுவாக, மெதுவாக என்றார். அவள் தன் போக்கில் ஏறினாள். அவர் காட்டிய குழிகளில் பாதியை அவள் தொடவே இல்லை. குள்ளர் வீட்டில் பாயை விரித்துக் கொடுத்தார். அவள் லாகவமாக உட்கார்ந்து, படுத்து, உள்ளே நகர்ந்து மேலே பார்த்தாள். விரலை நீட்டி ஒவ்வொருவராக எண்ணினாள்.

“பதினாலு பேர், அண்ணா. அந்தக் கடைசி ஆள் கல்லோட கறை. பார்த்தா ஆள் மாதிரி இருக்கு.”

சௌரிராஜனுக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. இனிமேல் சாய்தளம்தான் பாக்கி. அதை அவளுக்குக் காட்டப்போகும் நிமிஷத்துக்காகத்தான் அவர் ஒரு மாதமாகக் காத்திருந்தார். அன்பர்களில் சிலர் இடுக்குப் பக்கம் போனார்கள். அவர் தங்கையை வடக்கே திருப்பினார்.

கோதைநாயகி திரும்பவில்லை. இடுக்கைப் பார்த்துக்கொண்டு நின்றாள். உள்ளிருந்து குளிர்ந்த காற்று வந்தது. மறுபக்கம் என்ன இருக்கிறது என்று கேட்டாள். இடுக்கைத் தாண்டினால் மேற்குப் பக்கம் முழுவதும் ஒரே பார்வையில் விரியும், உருளாப்பாறை தலைக்கு நேர் மேலே நிற்கும் என்று அவர் உண்மையைச் சொன்னார். நமக்கு அது வேண்டாம், அதைவிட அருமையான வழி ஒன்று இருக்கிறது என்றார்.

“நான் இதுல போறேன்.”

“கோதை, உன்னால...”



அவள் தடியை அவர் கையில் கொடுத்தாள். இடுப்பு உயரக் கல்லுக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்றாள். இரண்டு உள்ளங்கைகளையும் பின்னால் கல்லின் மேல் ஊன்றினாள். ஒரே எம்பு, கல்லின் மேல் உட்கார்ந்துவிட்டாள். மடங்காத கால் நேராக அவரைப் பார்த்து நீண்டிருந்தது. அப்படியே கைகளால் உந்தி உந்திப் பின்னுக்கு நகர்ந்தாள். தோள் உள்ளே போயிற்று, இடுப்பு உள்ளே போயிற்று, கடைசியாகக் காலிப்பரின் இரும்பு கல்லில் உரசும் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு அதுவும் நின்றது.

சௌரிராஜன் தடியைப் பிடித்தபடி நின்றார்.

இடுக்குக்கு அப்பாலிருந்து குரல் வந்தது.

“அண்ணா, குட்டை தெரியறது. சீக்கிரம் வா.”

அவர் திரும்பிப் பார்த்தார். பின்னால் அம்மை தண்ணீர்ப் பையோடு நின்றுகொண்டிருந்தார்.

“நான் ஆறு தடவை முயற்சி பண்ணினேனேம்மா. அதே மாதிரி காலைக் கட்டிக்கிட்டுத்தானே நடந்தேன்.”

“அந்தக் காலோட நீங்க நடந்தது ஒரே ஒரு நாள்தானே, ஐயா.”